விஸ்வநாதனை ஆண்டு வாரியாகக் கேட்பது

இலங்கை வானொலியில் ஒரு பாட்டு வருவதற்கு முன்பே அதைப் பற்றிய முழு விவரமும் வந்துவிடும். படத்தின் பெயர், பாடியவர்கள், எழுதியவர், இசையமைத்தவர். அறிவிப்பாளர்களில் கே.எஸ்.ராஜா வேகமாகச் சொல்லுவார். பி.எச்.அப்துல் ஹமீத் நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் விளங்கும்படி சொல்லுவார். ராஜேஸ்வரி சண்முகம் நம் வீட்டில் ஒருவருக்குச் சொல்வது போலச் சொல்லுவார். யார் சொன்னாலும் இசையமைத்தவர் பெயர் விடுபடாது. படத்தையே பார்த்திராத சிறு பிள்ளைகளுக்குக்கூட ‘இசை, விஸ்வநாதன் - ராமமூர்த்தி’ என்பது மனப்பாடம். ஒரு பாட்டுக்குப் பின்னால் இசையமைப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை கொழும்பில் வளர்ந்த எங்களுக்குச் சொல்லித் தந்தது அந்த வானொலிதான்.

இன்றைக்கு அதே பாட்டைக் கைபேசியில் தேடினால் நடிகரின் முகம் பெரிதாக வருகிறது, பாடகரின் பெயர் வருகிறது. இசையமைத்தவர் எங்கோ கீழே கிடக்கிறார். சில வேளை பாதிப் பெயரோடு, சில வேளை வேறொருவர் பெயரில். எம்.எஸ்.விஸ்வநாதனின் பதிவுகளைப் பல வருடமாகத் தேடிக் கேட்டு, குறித்து வைத்து வருகிறேன். அப்படி ஒரு இசையமைப்பாளரைத் தொடர்ந்து கேட்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் முதல் யோசனை, பாடகர் வாரியாகக் கேட்பதையும் நடிகர் வாரியாகக் கேட்பதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவிட்டு ஆண்டு வாரியாகக் கேளுங்கள் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக வரும்.

விஸ்வநாதனைக் கொழும்பில் இருந்து கேட்பதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அவரும் டி.கே.ராமமூர்த்தியும் இசையமைப்பாளர்களாகச் சேர்ந்து வெளியே வந்த முதல் படம் ‘பணம்’, 1952. அதே வருடம் இவர்களுடைய குரு ஸ்தானத்தில் இருந்த சி.ஆர்.சுப்பராமன் மிக இளம் வயதில் இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட படங்களை முடித்துக் கொடுத்ததும் இவர்கள் இருவரும்தான். அதே 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இருந்த இடத்தைச் சுருக்கினார். கேட்க ஆசைப்பட்ட சனமெல்லாம் ரேடியோ சிலோன் என்ற இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. 1957இல் விவித் பாரதி வரும்வரை அங்கே அதற்கு ஈடாக ஒன்றும் இருக்கவில்லை. வந்த பிறகும் கேட்கிற பழக்கம் போகவில்லை. ஆக, மெல்லிசை மன்னர்கள் என்று பெயர் எடுத்த இந்த இருவரும் வளர்ந்த காலமும் கொழும்பு ஒலிபரப்பு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்த காலமும் ஒன்றேதான். கோடம்பாக்கத்தில் பதிவாகி, இசைத்தட்டாகக் கப்பலேறி வானொலி நிலையம் இருந்த கொழும்பு டொரிங்டன் சதுக்கத்துக்கு வந்து, ஏக்கலையில் இருந்த அலைபரப்பி வழியாகத் திரும்ப மதுரைக்கும் திருச்சிக்கும் போன பாட்டுகள் அவை.

எங்கள் மாமாவிடம் ஒரு அலுமாரி நிறைய இசைத்தட்டுகள் இருந்தன. 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு அவையும் எரிந்தன. எனக்கு வந்து சேர்ந்தது அவர் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பட்டியல் மட்டும்தான். எந்தப் பாட்டின் பின்பக்கம் எந்தப் பாட்டு இருந்தது, எது இரண்டு பக்கமாகப் பிரிந்து வந்தது, எந்தத் தட்டில் கீறல், எல்லாமே அவருக்கு நினைவிருந்தது. தட்டுகளைத் திரும்பச் சேர்க்கத் தொடங்கியபோது அந்தப் பட்டியல்தான் கையில் இருந்தது. வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு காலத்தில் நிறைய ரெக்கோர்டிங் பார்கள் இருந்தன. வெற்றுக் கசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். அப்படிப் பதிந்த கசெட்டுகள் இன்றும் பல வீடுகளில் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கின்றன. இன்னொரு வழி, கனடாவுக்கோ லண்டனுக்கோ போகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும் நேரம். தளபாடத்தை விற்றுவிடுவார்கள், ஆனால் அப்பாவின் இசைத்தட்டுப் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தால் அது உங்களிடம் வரும்.

சரி, ஆண்டு வாரியாகக் கேட்பது எப்படி? தொடங்குவதற்கு 1964ஐ எடுங்கள். அந்த ஒரே வருடத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் வந்த படங்களைப் பாருங்கள்: கர்ணன், காதலிக்க நேரமில்லை, பச்சை விளக்கு, பணக்காரக் குடும்பம், ஆண்டவன் கட்டளை, கை கொடுத்த தெய்வம், தெய்வத்தாய், புதிய பறவை, படகோட்டி, சர்வர் சுந்தரம். இது முழுப் பட்டியல்கூட இல்லை. பொங்கலுக்கு வந்தது கர்ணன், டிசம்பரில் வந்தது சர்வர் சுந்தரம். இந்தப் பாட்டுகளை நாங்கள் எல்லோரும் தனித்தனியாக நூறு தடவை கேட்டிருப்போம். வெளிவந்த வரிசையில் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அந்த வருடம் அந்த இரண்டு பேரும் என்ன வேலை செய்திருக்கிறார்கள் என்று விளங்கும்.

கர்ணனில் இந்துஸ்தானி ராகங்கள், ஷெனாய், சாரங்கி. சீர்காழி கோவிந்தராஜன் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ என்று சக்கரவாக ராகத்தில் எடுக்கும்போது வாத்தியங்கள் எவ்வளவு ஒதுங்கி நிற்கின்றன என்று கவனியுங்கள். அடுத்த மாதம் காதலிக்க நேரமில்லை. புராண வாசனையே இல்லாத, கிதாரும் கோரஸும் துள்ளுகிற இளம் பிள்ளைகளின் இசை. செப்டம்பரில் புதிய பறவை. அதில் டி.எம்.சௌந்தரராஜன் பாடும் ‘எங்கே நிம்மதி’யில் வயலின் கூட்டமும் கோரஸும் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதே படத்தில் பி.சுசீலாவின் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ கிளப் மேடையில் ஒரு தரம் மயக்கமாக வரும், பிறகு அதே மெட்டு சோகமாகத் திரும்பி வரும். மெட்டு ஒன்று, உடை இரண்டு. நவம்பரில் படகோட்டி, வாலியின் வரிகள், மீனவர்களின் கடற்கரை. இத்தனையும் பன்னிரண்டு மாதத்துக்குள். பாடகர் வாரியான தொகுப்பில் கேட்டால் இந்த வேகம் தெரியவே தெரியாது. ‘டி.எம்.எஸ். ஹிட்ஸ்’ என்ற கசெட்டில் 1961ஆம் ஆண்டுப் பாட்டுக்குப் பக்கத்தில் 1974ஆம் ஆண்டுப் பாட்டு வரும், இடையில் என்ன நடந்தது என்று காதுக்குத் தெரியாது.

1964ஐ முடிக்கும்போது சர்வர் சுந்தரத்தின் ‘அவளுக்கென்ன’ பாட்டுக் காட்சியைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும். அது ஒரு பாட்டுப் பதிவையே காட்டுகிற காட்சி. விஸ்வநாதன் நின்று கை காட்டி நடத்துகிறார், டி.எம்.எஸ். ஒலிவாங்கி முன் நிற்கிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். அது படத்துக்காக எடுத்த காட்சிதான், உண்மைப் பதிவு இல்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் வாசித்தார்கள் என்பது அதில் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது போல ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதிந்து பிறகு சேர்ப்பது அப்போது இல்லை. ஒருவர் பிழைவிட்டால் எல்லோரும் முதலில் இருந்து. ஒலியின் அளவைச் சரிசெய்வதும் பெரும்பாலும் யார் ஒலிவாங்கிக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இதைப் பார்த்த பிறகு அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். பொங்கோஸ் எங்கே இருக்கிறது, வயலின்கள் எவ்வளவு பின்னால் இருக்கின்றன என்று அந்தக் கூடமே காதில் விரியும். எனக்கு இந்த ஒரு பாட்டு ஒரு முழுப் பாடப் புத்தகத்தின் வேலையைச் செய்தது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் உண்டு. 1965இல் ஆயிரத்தில் ஒருவன் வரைக்கும் இருவரும் சேர்ந்துதான் இசையமைத்தார்கள். அதற்குப் பிறகு பிரிந்தார்கள், 1995இல் எங்கிருந்தோ வந்தான் படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கிற பல பதிவுகளில் பாவமன்னிப்பு, பாசமலர், ஆலயமணி எல்லாம் விஸ்வநாதன் பெயரில் மட்டும் கிடக்கின்றன. ராமமூர்த்தி தேர்ந்த வயலின் கலைஞர். அந்தப் பதின்மூன்று வருடத்துப் பாட்டுகளில் வயலின்கள் பாடுகிற விதத்தில் அவர் கை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதற்காக ‘வயலின் வந்தால் ராமமூர்த்தி, ஆர்மோனியம் வந்தால் விஸ்வநாதன்’ என்று கோடு கிழித்துப் பிரிப்பதும் சரியில்லை. இருவர் பெயரில் வந்ததை இருவர் பெயரிலேயே எழுதி வையுங்கள். உங்கள் கைபேசிக் கோப்பில் பெயரைத் திருத்த ஒரு நிமிடம் போதும். அப்புறம், அந்தக் காலத்தில் கே.வி.மகாதேவன் இசையமைத்த படங்களிலும் அதே நடிகர்கள், அதே டி.எம்.எஸ். - சுசீலா, அதே கண்ணதாசன். குரலை வைத்து இசையமைப்பாளரை ஊகிக்க முடியாது. 1964இலேயே வந்த நவராத்திரி மகாதேவனுடையது. தட்டின் லேபிளையோ படத்தின் எழுத்தோட்டத்தையோ (தொடக்கத்தில் பெயர்கள் வருகிற பகுதி) பார்க்காமல் பட்டியலில் ஏற்றக்கூடாது.

எழுத்தோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உதவி இசை என்று ஆர்.கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்ற பெயர்கள் வரும். ஒலிப்பதிவு செய்தவர் பெயர் வரும், எந்த ஸ்டூடியோ என்று வரும். அக்கோர்டியன் வாசித்த மங்களமூர்த்தி, டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட், பறவைக் குரல் முதல் எல்லாச் சத்தமும் கொடுத்த சதன் போன்றவர்களின் பெயர்களோ தட்டிலும் இருக்காது, படத்திலும் பெரும்பாலும் இருக்காது. பழைய நேர்காணல்களில்தான் கிடைக்கும். கிடைத்த இடத்திலேயே குறித்து வைக்க வேண்டும்.

வருடத்தைச் சரிபார்ப்பதற்கு கொழும்பில் நல்ல வசதி இருக்கிறது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் பாதுகாக்கப்படுகின்றன. அந்த நாள் வீரகேசரியிலும் தினகரனிலும் சினிமா விளம்பரங்கள் வடிவாக வந்திருக்கும், எந்தத் தியேட்டரில், எத்தனையாவது வாரம் என்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் வந்த படம் இங்கே பிந்தித்தான் வரும். கொழும்பு விளம்பரத்தின் திகதியைப் படத்தின் ஆண்டாக எழுதிவிடக் கூடாது. நான் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் உள்ள தூரமே ஒரு தகவல்தான். பாட்டு வானொலியில் பிரபலமாகி எவ்வளவு நாளைக்குப் பிறகு படம் இங்கே வந்தது என்று அதில் தெரியும்.

அடுத்து, ஒரே பாட்டின் பல வடிவங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம்தான் கொள்ளும். படத்தில் ஐந்து நிமிடம் வருகிற பாட்டைத் தட்டில் போட வேண்டும் என்றால் ஒரு சரணத்தை வெட்ட வேண்டும், அல்லது இரண்டு பக்கமாகப் பிரிக்க வேண்டும். இசைத்தட்டுக்கென்று தனியாகப் பதிந்ததும் உண்டு. அதனால்தான் வானொலியில் கேட்டுப் பழகிய பாட்டுக்குப் படத்தில் திடீரென்று ஒரு சரணம் கூடுதலாக வரும். பட்டியலில் பாட்டின் நேரத்தை நிமிடம், வினாடியோடு எழுதுங்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு நேரம் வந்தால் அங்கே தேட ஏதோ இருக்கிறது.

ஆனால் எல்லா நேர வித்தியாசமும் சரணத்தால் வருவது இல்லை. சினிமா பிலிம் வினாடிக்கு 24 சட்டகம். நம் ஊர் தொலைக்காட்சியும் இந்திய தொலைக்காட்சியும் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வினாடிக்கு 25. பழைய படங்களை வீடியோவாக்கும்போது பெரும்பாலும் 24ஐ 25 ஆக ஓடவிட்டுவிடுவார்கள். பாட்டு 4 சதவீதம் வேகமாகும், சுருதி ஒரு அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். நான்கு நிமிடப் பாட்டு சுமார் பத்து வினாடி குறையும். டீவீடியில் கேட்கிற டி.எம்.எஸ். கொஞ்சம் மெல்லிய குரலில் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘படத்தில் வேறு சுருதியில் பாடியிருக்கிறார்’ என்று முடிவுகட்டுவதற்கு முன் வேகத்தை 0.96 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலும் தட்டோடு ஒத்துவிடும். ஒத்துவராவிட்டால் அது உண்மையிலேயே வேறு பதிவாக இருக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு சிறிய ஆர்மோனியமோ கைபேசியில் ஒரு சுருதிப்பெட்டியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பிற்காலத்து வெளியீடுகள் சிலவற்றில் எதிரொலியைக் கூட்டி, புதிதாகத் தாளம் சேர்த்து, மோனோவை இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்று போட்டிருப்பார்கள். இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோவாக்கிக் கேளுங்கள். குரல் மெலிந்தாலோ சில வாத்தியம் காணாமல் போனாலோ அந்தப் பதிவை ஆதாரமாக வைக்காதீர்கள். பொழுதுபோக்காகக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் விஸ்வநாதன் என்ன செய்தார் என்று சொல்ல அது உதவாது.

இசைத்தட்டைக் கையாளுவது பற்றி நான் கற்றதெல்லாம் பம்பலப்பிட்டியில் பழைய ரேடியோ திருத்துகிற ஒரு ஐயாவிடம்தான். முதல் முதல் ஒரு 78 தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் விளிம்பில் மட்டும் பிடித்து வாங்கினார்.

“பிள்ளை, இதுக்கு ஸ்பிரிட் ஒண்டும் போட்டுத் துடைக்க வேண்டாம். இது அரக்கு. கரைஞ்சு போயிடும்.”

“அப்ப என்ன செய்யிறது ஐயா?”

“காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு சொட்டு சோப்பு. லேபிள் நனையக் கூடாது. துடைச்சுப்போட்டு நிழல்ல நிமித்தி வையுங்கோ.”

எல்பி என்கிற பெரிய தட்டும் ஈபி என்கிற சின்னத் தட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக். அவற்றைத் துடைக்கிற திரவங்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், அதை 78க்குப் போடவே கூடாது. ஊசியும் வேறு. 78இன் பள்ளம் அகலமானது. அதற்கான ஊசி முனை எல்பி ஊசியைவிட நான்கு மடங்குக்கு மேல் பெரியது. எல்பி ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையைத்தான் வாசிக்கும், ஊசியும் கெட்டுவிடும். உங்கள் இயந்திரத்தில் 78 வேகம் இல்லையென்றால் சரியான ஊசியைப் போட்டு 45இல் ஓடவிட்டுப் பதிந்து, கணினியில் 1.73 மடங்கு வேகமாக்கலாம். தட்டு மோனோ என்றால் பதிவின் இடது வலது இரண்டையும் சேர்த்துவிடுங்கள், இரைச்சல் நன்றாகக் குறையும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கம்பியும் இணைப்பியும் கிடைக்கும். 78 ஊசிக்கு வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரரிடம் சொல்லி வைப்பதுதான் நடைமுறை.

கசெட் வேறு பிரச்சினை. வெள்ளவத்தையில் கடல் காற்று, ஈரப்பதம் இரண்டும் சேர்ந்து நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். கசெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் பக்கத்தைப் பாருங்கள். மாவு தூவினது மாதிரி தெரிந்தால் அதை பிளேயரில் போடக் கூடாது, நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் பரவும். முதலில் சிலிக்கா ஜெல் பையோடு மூடின டப்பாவில் வைத்துக் காயவிட்டு, பிறகு நாடாவை மெதுவாகச் சுற்றியபடி உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வெளியில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு.

ரெக்கோர்டிங் பார் கசெட்டில் இன்னொரு வேலை உண்டு. பதிந்த இயந்திரத்தின் ஹெட் ஒரு சாய்வு, உங்கள் பிளேயரின் ஹெட் வேறொரு சாய்வு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஓசை கம்பளிக்குள் இருந்து வருவது போல மங்கலாக இருக்கும். கசெட் பழுதாகிவிட்டது என்று சனம் எறிவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறிய ஸ்குரூ டிரைவரால் அதை மிக மெதுவாகத் திருப்ப வேண்டும், கால் சுற்றுக்கூடத் தேவைப்படாது. திருப்பத் திருப்ப ஒரு இடத்தில் திரை விலகியது போல ஓசை திறக்கும். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலில் ‘ச’ வருகிற இடங்களை வைத்துத்தான் நான் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பேன். சகரம் கூர்மையாகக் கேட்டால் நிறுத்திவிடலாம். சுசீலாவின் குரல் இந்த வேலைக்கு உதவாது, அது மங்கலான கசெட்டிலும் இனிமையாகவே கேட்கும். பழக்கத்துக்கு ஒரு மலிவான பிளேயரை வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பிளேயரின் ஹெட்டைத் தொட வேண்டாம்.

கணினியில் ஏற்றும்போது முதலில் ஒன்றுமே செய்யாத, இரைச்சலும் கீறலும் உள்ள முழுப் பதிவை வேவ் (WAV) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தப்படுத்துவதெல்லாம் அதன் பிரதியில்தான். இரைச்சலை நீக்குகிற மென்பொருள் பிரஷ்ஷால் வாசிக்கிற டிரம்ஸையும் இரைச்சல் என்றே நினைக்கும். விஸ்வநாதன் பாட்டுகளில் அந்தப் பிரஷ் சத்தம் போனால் தாளத்தின் பாதி உயிர் போய்விடும். கீறலோடு கேட்பதே மேல்.

1965க்குப் பிறகு எப்படிக் கேட்பது? தனியாக நின்ற விஸ்வநாதனை நிறையப் பேர் அன்பே வா, உலகம் சுற்றும் வாலிபன் என்று எம்.ஜி.ஆர். படங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 1976இல் இளையராஜா வந்ததும் கதை முடிந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். ஆண்டு வாரியாகக் கேட்டால் அப்படிச் சொல்ல வராது. 1979இல் நினைத்தாலே இனிக்கும் முழுக்க முழுக்க ஒரு மேடை இசைக் குழுவின் கதை. அதில் ‘சம்போ சிவசம்போ’வை அவரே பாடினார், ஐம்பது வயதைக் கடந்த பிறகு. அடுத்த வருடம் பில்லா. அதே வருடம் வறுமையின் நிறம் சிவப்பு, அதில் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் எஸ்.ஜானகியும் பாடும் ‘சிப்பி இருக்குது’ பாட்டில் மெட்டு முதலில் வந்து வார்த்தை பின்னால் போய் உட்காருகிறது. ஒரு மெட்டுக்கு வரி எழுதப்படுகிற வேலை கண் முன்னால் நடக்கிற பாட்டு அது. இதையெல்லாம் ஓய்ந்த காலம் என்று யார் சொல்ல முடியும்? 1986இல் மெல்லத் திறந்தது கதவு படத்தில் அவரும் இளையராஜாவும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

அவர் பாடிய பாட்டுகளுக்கென்று என் குறிப்பேட்டில் தனிப் பக்கங்கள் இருக்கின்றன. அந்தக் குரலுக்கு இனிமை என்று பெயர் கிடையாது, ஆனால் உச்சத்தில் அது கிழிந்துபோகிற நேரத்தில் பாட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடும். எந்தப் பாட்டைத் தானே பாட வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார் என்று பார்த்தால் பெரும்பாலும் கதாபாத்திரம் பாடாத, பின்னால் யாரோ பாடுகிற பாட்டுகள். இது நானாகக் கண்டது. நீங்களும் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம்.

நம் ஊரோடு சேர்ந்த ஒரு பதிவையும் விடக்கூடாது. 1978இல் வந்த பைலட் பிரேம்நாத், இந்திய - இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு. சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் நடித்தது, இசை விஸ்வநாதன். இங்கே அந்தப் படத்தின் நினைவு இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. படப்பிடிப்பைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் கதைக்கும்போது ‘எந்த வருடம்’ என்று கேட்காதீர்கள். ‘அப்போது நீங்கள் எந்த வகுப்பு’, ‘எந்த வீட்டில் இருந்தீர்கள்’ என்று கேளுங்கள். வருடத்தை விட வீடும் வகுப்பும் மனிதருக்கு நன்றாக நினைவிருக்கும். சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் ‘சொன்னது’ என்று போடுங்கள். தட்டிலோ பத்திரிகையிலோ பார்த்ததற்கு ‘பார்த்தது’ என்று போடுங்கள். இந்த இரண்டு சொல்லும் குறிப்பேட்டில் இருந்தால் பிறகு எடுத்துப் பார்க்கிறவருக்கு எதை நம்புவது என்று தெரியும்.

பதிந்ததை நான் பொதுவில் ஏற்றுவதில்லை, அதன் உரிமை வேறொருவருடையது. பட்டியலைக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். என் பட்டியலில் அறுபதுகளின் கடைசி வருடங்களில்தான் இடைவெளி அதிகம். 78 தட்டு மறைந்து ஈபி நிலைத்த காலம் அது, லேபிளைப் பார்க்காமல் பல பாட்டுகளுக்கு நேரம் எழுத முடியவில்லை. கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ உங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்டி இருந்தால், பழைய சாமான்காரருக்குக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் இரண்டு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிளாஷ் போட வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால், பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் செதுக்கியிருக்கிற எண்ணும் படத்தில் தெளிவாக விழும்.